கூட வந்தவரிடம் சொன்னதை என்னிடமும் சொல்லுங்கள்

புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் வணக்கம்.

மார்புக் கட்டியின் பயாப்சி முடிவு வந்த அன்று உங்கள் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். ஃபைலைப் புரட்டிவிட்டு, என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டீர்கள். அப்புறம் என்னை ரத்தம் எடுக்க அனுப்பிவிட்டு என் வீட்டுக்காரரிடம் வராந்தாவில் வைத்துப் பேசினீர்கள். அவர் திரும்பி வந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்துகொண்டேன்.

இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தீர்கள், தெரியும். ஓ.பி.யில் நிற்கிற கூட்டத்தையும் நானே பார்த்தேன். ஆனால் மருந்து ஏறுவது என் கையில்.

முதல் கீமோவில் செம்பருத்திச் சாறு மாதிரி ஒரு சிவப்பு மருந்து போட்டார்கள். மறுநாள் காலையில் சிறுநீரும் சிவப்பாகப் போக, உள்ளே ஏதோ வெடித்து ரத்தம் போகிறது என்று நினைத்துப் பாத்ரூம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது டாக்ஸோருபிசின் என்கிற அந்தச் சிவப்பு மருந்தின் நிறம், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும் என்று முதல் நாளே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

அதுகூடப் பரவாயில்லை. ஒன்பதாவது நாள் காய்ச்சல் வந்தது. கீமோ போட்டு ஒன்றிரண்டு வாரத்துக்குள் கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், அந்த நேரத்தில் 100.4 டிகிரி வந்தால் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வரவேண்டும் என்று எனக்குத் தெரியாது. பாராசிட்டமால் போட்டு, நிலவேம்புக் கஷாயம் குடித்து, போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். மறுநாள் மதியம் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள், ஆறு நாள் அட்மிஷன். என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லித்தான் இருந்தீர்கள். ஆனால் அன்றைக்கு அவர் முதலமைச்சர் காப்பீட்டுக்காக ரேஷன் கார்டையும் வருமானச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு கவுன்டர் கவுன்டராக அலைந்துகொண்டிருந்தார், அதில் எது மனதில் நிற்கும்? "நான்தான் மறந்துட்டேன்" என்று இன்றைக்கும் அழுகிறார். அவர் தலையில் அந்தப் பாரம் ஏறியிருக்கவே வேண்டாம்.

பக்கத்துப் படுக்கை அம்மா, "எதுவா இருந்தாலும் என் பையன்கிட்டயே சொல்லிடுங்க" என்பார். அதுவும் சரிதான், ஆனால் அதை அவர் வாயால் சொல்லட்டும். என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த மருந்து, என்ன செய்யும், எப்போது ஓடி வரவேண்டும், ராத்திரியில் எந்த நம்பருக்குக் கூப்பிடவேண்டும் என்று தமிழில் ஒரே ஒரு தாள் கொடுங்கள், சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை எனக்கு நாலாவது கீமோ. என் வீட்டுக்காரரும் வருவார். அடுத்து ஆபரேஷனா, ரேடியேஷனா, எத்தனை நாள் ஆகும் என்று எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அழுவேன்தான். அழுதாலும் நீங்கள் சொல்வது காதில் விழும்.