உன் கதையில் கீஸ் எங்கே?

அன்புள்ள முரளிக்கு, அப்பா எழுதுவது.

ஸ்கிரிப்டை மூன்று தடவை படித்துவிட்டேன். ஜன்னல் காட்சி பிரமாதம். படித்ததும் பக்கத்து வீட்டில்கூடச் சொன்னேன். ஆனால் அதை எல்இடி பேனலில் எடுப்பதாக எழுதியிருக்கிறாயே, ஜன்னல் பட்டைகளின் நிழல் கோடு விழாது. பேனல் அகலமான ஒளி, பட்டை நிழலைக் கரைத்துவிடும். பிரெனல் லென்ஸ் போட்ட ஒரே விளக்கு போதும், ஒளியை மென்மையாக்குகிற டிப்யூஷன் பேப்பர் வேண்டாம். விளக்கைப் பன்னிரண்டு அடி தள்ளி வை, பட்டைத் திரையைச் சுவரை ஒட்டிக் கொண்டுவா, நிழல் கூராகும். நிழலை வெளுக்க வைக்கிற பில் லைட் போடாதே. கண் இருண்டு போனால் கேமரா பக்கத்தில் ஒரு சின்ன பல்பு, கண்ணில் புள்ளி தெரிகிற அளவுக்கு. 1944-ல் வந்த ‘டபுள் இன்டெம்னிட்டி’ படத்தை எடுத்தபோது வெயில் காற்றில் தெரியட்டும் என்று ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அலுமினியத் துகளை ஊதினார். நீ அதைச் செய்யாதே, நெஞ்சுக்கு ஆகாது. சாம்பிராணி போட்டு, மின்விசிறியை நிறுத்தி, புகை சமமாகப் பரவ இரண்டு நிமிடம் விடு. ஒரே விளக்கு, மறக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

ஆட்கள் விஷயத்தில்தான் உறுத்தல். மயக்குகிற பெண்ணை வெறும் பொல்லாதவளாக எழுதாதே. அந்த வீட்டில் அவளுக்கு மூச்சு முட்டுவது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அவன் எதை நம்பி இறங்குகிறான்? ‘டபுள் இன்டெம்னிட்டி’ நாயகன் வால்டர் நெஃப் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், அப்படி ஒரு பெண்ணின் வீட்டுக்குக் கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போனவன். தொடக்கம் அவ்வளவு சாதாரணம். உன் நாயகன் முதல் பக்கத்திலேயே எட்டு லட்சம் கடனில் நிற்கிறான். எப்படி விழுந்தான் என்று எங்கேயும் இல்லை. எட்டு லட்சம் என்ற கணக்கு உனக்கு எங்கிருந்து வந்தது? தேனாம்பேட்டைப் பக்கம் போகாதே. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

துப்பறிகிறவன், அடியாள், கந்துவட்டிக்காரன் எல்லாரும் இருக்கிறார்கள், கீஸ் மாதிரி ஒருவர் இல்லை. நெஃபின் கம்பெனியில் மோசடிகளைப் பிடிக்கிறவர் கீஸ், நெஃபின் நண்பர். கீஸ் சுருட்டை எடுப்பார், பையில் நெருப்பு இருக்காது. படம் முழுக்கப் பற்றவைப்பவன் நெஃப். கடைசியில் குண்டடிபட்டுக் கிடக்கிற நெஃபின் சிகரெட்டுக்குக் கீஸ் நெருப்பு வைக்கிறார். குற்றவாளி தப்பக் கூடாது என்று ஹாலிவுட் தணிக்கை கட்டாயப்படுத்திய காலம். இயக்குநர் பில்லி வைல்டர், விஷவாயு அறையில் நெஃபின் மரண தண்டனை நிறைவேறுவதையே எடுத்து வைத்திருந்தார். அதைத் தூக்கிவிட்டு இந்த நெருப்போடு முடித்தார். அப்படி ஒரு ஆள் இல்லாமல் உன் நாயகனைச் சாகவிடாதே.

எந்த மோசடியையும் மோப்பம் பிடிக்கிற கீஸுக்கு, பக்கத்திலேயே இருந்தவனைத் தெரியவில்லை. பொங்கலுக்கு வந்தபோது நீ மெலிந்திருந்தாய். போன் வந்தால் மொட்டைமாடிக்குப் போனாய். நான் லென்ஸைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறொன்று கேட்டிருக்க வேண்டும். பயந்துகொண்டு கேட்கவில்லை, முரளி. தப்பு என்னுடையது.

ஆறு வாரமாக நீ போன் எடுக்கவில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அம்மா கோயிலில் இருப்பாள். அப்போது கூப்பிடு, நான் கத்த மாட்டேன். சாம்பிராணியைக் கட்டியாக வாங்காதே, தூளாக வாங்கு. கரி நன்றாகச் சிவந்த பிறகு போடு.

அப்பா