லத்தீன் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

லத்தீன் படிக்க உட்கார்ந்தால் முதலில் வருவது ஒரு வேற்றுமை வாய்பாடு. 'சிறுமி' என்பதற்குப் புயெல்ல, 'சிறுமியை' என்பதற்குப் புயெல்லம், லத்தீன் வரிசையில் ஆறாவதான நீங்கல் வேற்றுமைக்கு ('சிறுமியிடமிருந்து') புயெல்லா. மனப்பாடம் செய்துவிடுகிறோம், சரி. இந்த வாய்பாடு லத்தீனிலிருந்து பிறந்த இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் எங்கே போனது என்று கேட்டால் உங்கள் புத்தகத்தில் பதில் இல்லை.

பதில் காதில் இருக்கிறது. சொல்லீற்று 'ம்' முதலிலிருந்தே நலிந்த ஒலி. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அது சரியாக ஒலிப்பதில்லை என்று 1-ஆம் நூற்றாண்டிலேயே ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் எழுதிவைத்தார். அப்புறம் பேச்சில் குறில் நெடில் வேறுபாடும் கரைந்தது. மூன்று வடிவங்களும் 'புயெல்ல' என்றே காதில் விழுந்தால், யார் யாரைப் பார்த்தார் என்று எப்படித் தெரியும்? சொல் நிற்கும் இடமும், 'தே' (இருந்து), 'அத்' (நோக்கி) போன்று பெயருக்கு முன்னால் வரும் இடைச்சொற்களும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. ஒலி தேய்ந்ததும் இலக்கணம் வேறு வழி பார்த்துக்கொண்டது.

இதற்குச் சாட்சியாக, புரோபுஸ் என்ற ரோமானிய இலக்கண ஆசிரியர் பெயரில் வழங்கும் இலக்கணத்தோடு ஒட்டிய ஒரு பட்டியல் கிடைத்திருக்கிறது. யாரோ ஒரு கண்டிப்பான வாத்தியார் எழுதியது. 'இதைச் சொல், அதைச் சொல்லாதே' என்று 227 திருத்தங்கள். 'ஒருபோதும் இல்லை' என்பதற்கு 'நும்குவம்' என்று சொல், 'நும்குவ' அல்ல. கண்ணாடிக்கு 'ஸ்பெகுலும்', 'ஸ்பெக்லும்' அல்ல. காதுக்கு 'அவுரிஸ்', 'ஒரிக்ல' அல்ல. பாவம், அவர் அடித்துத் திருத்திய சொற்கள்தான் பிழைத்தன. இத்தாலியர் இன்று கண்ணாடியை 'ஸ்பெக்கியோ' என்கிறார்கள், காதை 'ஒரெக்கியோ' என்கிறார்கள். 'ஒரிக்ல' என்பதே 'சின்னக் காது' என்ற செல்லச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

நீங்களோ முன்னுரையில், ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் பெயரைச் சொல்வது 'கிகெரோ'வா 'சிச்செரோ'வா என்று சண்டை போடுகிறீர்கள். முன்னது அவர் வாழ்ந்த காலத்து உச்சரிப்பு. பேரரசரைக் குறிக்கும் ஜெர்மானியரின் 'கைசர்' என்ற சொல்லே சீசர் பெயரின் பழைய 'க' ஒலியைக் காட்டுகிறது. பின்னது தேவாலயத்தில் இன்றும் ஒலிப்பது. இரண்டு வரியில் முடிய வேண்டிய விஷயம் இது.

813-இல் இன்றைய பிரான்சின் தூர் நகரில் கூடிய கிறிஸ்தவ ஆயர்கள், மறையுரையை மக்களின் பேச்சுமொழியில் சொல்லுமாறு பணித்தார்கள். கோயிலில் கேட்ட லத்தீன் அதற்குள் ஜனங்களுக்குப் புரியாமல் போயிருந்தது.

அடுத்த பதிப்பில் வாய்பாட்டுக்கு எதிர்ப்பக்கத்தில், அந்த 227-இல் ஒரு இருபதையாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாய்பாட்டை ஒப்பித்தே களைத்த ஒரு மாணவன்