நெட்டித்தாளை நனைக்காதீர்கள்: கான்டன் மலர் ஓவியங்களின் காப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலக, அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு,

வணக்கம். 19ஆம் நூற்றாண்டில் சீனாவின் கான்டன் (இன்றைய குவாங்சோ) நகரப் பட்டறைகளில் வெளிநாட்டவருக்காகத் தீட்டிய மலர் ஓவியங்கள் இரண்டு வகை. கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பரிசோதகர் ஜான் ரீவ்ஸ், லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்காக வரையச் சொன்னவை போன்ற ஆய்வுப் படங்கள் பெரும்பாலும் ஐரோப்பியத் தாளில் உள்ளவை. கப்பலில் வந்தவர்கள் வாங்கிப்போன சிறு ஆல்பங்களோ நெட்டித்தாளில் உள்ளவை. இரண்டுக்கும் ஒரே பராமரிப்பு விதியைப் பல இடங்களில் பின்பற்றுகிறார்கள். ஆல்பங்கள் பாழாவது இதனால்தான்.

நெட்டித்தாளில் நார் கிடையாது. டெட்ராபானாக்ஸ் எனும் செடித் தண்டின் வெண்சோற்றை உருட்டியபடியே கத்தியால் சுருள் பிரிப்பதுபோல் சீவி எடுத்த ஏடு அது. தஞ்சாவூர் நெட்டி வேலை தெரிந்தவருக்குத் தொட்டதும் புரியும். செடி வேறு, குணம் ஏறக்குறைய அதுவே. ஈரம் பட்டால் செல்கள் உப்பும், காய்ந்தால் சுருங்கும், பிடித்து இழுத்தால் கீறும். ஆல்பத்தில் நான்கு ஓரமும் பட்டு நாடாவால் ஒட்டியிருப்பதால் அசைய இடமில்லை. ஓரத்திலிருந்து நடுப்பகுதி நோக்கி வெடிக்கிறது.

வெடித்ததைச் சரிசெய்யப் பின்புறம் முழுவதும் பசை தடவித் தாள் ஒட்டுகிறார்களே, அது வேண்டவே வேண்டாம். நிறம் தூக்கலாகத் தெரிய ஓவியர்கள் பின்பக்கமும் வண்ணம் பூசியிருப்பார்கள். பசையின் ஈரத்தில் அது கரையும், ஏடும் உப்பும். பசையை முன்பே பூசி உலர்த்திய மெல்லிய ஜப்பானியத் தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, லேசாக மட்டும் ஈரப்படுத்தி, கீறலின் குறுக்கே ஒட்டினால் போதும். அழுத்தி நேராக்கவும் வேண்டாம். புடைத்து நிற்கும் வண்ணம் நசுங்கிவிடும். அதே காரணத்தால் கண்ணாடி ஓவியத்தைத் தொடாத அளவு ஆழமான சட்டம் தேவை. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி ஏற்ற இறக்கமின்றி இருக்கட்டும். ஒளி 50 லக்ஸைத் தாண்டக் கூடாது. கார்மைன் சிவப்பு வெளிறிவிடும்.

வெள்ளை மலர் கறுத்திருந்தால் அது ஓவியரின் நிழலா, ஈய வெள்ளை எனும் வண்ணப்பொடியின் கெடுதலா என்று முதலில் பாருங்கள். காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் ஈய வெள்ளை கறுக்கும். பெராக்சைடு கொண்டு வெளுக்கும் பழைய முறையை நெட்டித்தாளில் முயலாதீர்கள். கறுப்பை அப்படியே விட்டுப் பட்டியலில் குறித்தாலே போதும். தாவரவியலாளர் நிறத்தைத் தவறாகப் படிக்க மாட்டார்.

ஐரோப்பியத் தாளில் உள்ளவற்றுக்கு இவ்வளவு அச்சம் தேவையில்லை. ஆனால் வாட்மன் எனும் ஆங்கிலேயத் தாளின் நீர்க்குறியில் (ஒளிக்கு எதிரே பிடித்தால் தாளுக்குள் தெரியும் அடையாளம்) உள்ள ஆண்டை ஓவியத்தின் ஆண்டாகப் பதிய வேண்டாம். ஓவியம் அதற்கு முந்தியதல்ல என்பதை மட்டுமே அது காட்டும். ரீவ்ஸின் குறிப்பேடுகளில் அகூத், அகாம், அகியூ, அசுங் எனும் ஓவியர் பெயர்கள் இருக்கின்றன. பட்டியலில் ‘பெயர் தெரியாத சீன ஓவியர்’ என்று எழுதுமுன் அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
தாள் ஓவியப் பராமரிப்புப் பணியாளர்கள்