ஒன்றாம் நம்பர் இல்லாத புத்தகங்கள்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, நான்தான் சோம்பேறித்தனமாக இருந்துவிட்டேன். மூட்டு வலி பரவாயில்லை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். பரணில் கிடந்ததெல்லாம் ஹாலுக்கு வந்துவிட்டது, அதில் நம் இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் கட்டும் உண்டு. அட்டை போனது மூன்று, கரையான் தின்றது ஒன்று, நீ இரவல் வாங்கிப்போய் இன்னும் திருப்பித் தராதது இரண்டு.

அந்தக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் மகள் கேட்டாள், "ஸ்பைடர்மேன் முதல்ல வந்த புக்குல ஏன்ப்பா 15னு போட்டிருக்கு?" நியாயமான கேள்வி. 1962 ஆகஸ்ட் தேதி போட்ட அமேசிங் ஃபேன்டசி, நம்பர் 15. அதற்கு முந்தைய பதினாலு எங்கே என்றால், 1 முதல் 6 வரை அமேசிங் அட்வென்ச்சர்ஸ், 7 முதல் 14 வரை அமேசிங் அடல்ட் ஃபேன்டசி. பெயர் மாறிக்கொண்டே வந்தது, எண் மட்டும் பாட்டுக்கு ஓடியது.

இந்த எண் விளையாட்டுக்கு முக்கியக் காரணம் தபால். அன்றைக்கு அமெரிக்காவில் பத்திரிகைகளைக் குறைந்த கட்டணத்தில் தபாலில் அனுப்ப செகண்ட் கிளாஸ் பர்மிட் என்ற அனுமதி வேண்டியிருந்தது. புதுப் பத்திரிகை என்றால் புது விண்ணப்பம், மறுபடி பணம். ஓடாத பத்திரிகையின் பெயரை மட்டும் மாற்றி எண்ணைத் தொடர்ந்துவிட்டால் பழைய பர்மிட்டே போதும், பழைய ஆர்சி புக்கை வைத்துக்கொண்டு புது வண்டி ஓட்டுவது மாதிரி. (பக்கம் பக்கமாகப் படம் போட்ட அந்தப் புத்தகங்களில் நடுவே சம்பந்தமே இல்லாமல் இரண்டு பக்கம் வெறும் எழுத்தில் ஒரு கதை இருக்கும், பார்த்திருப்பாய். அதுவும் இதே பர்மிட்டுக்காகத்தான். ஸ்பைடர்மேன் கதையை எழுதிய ஸ்டான் லீ முதன்முதலில் எழுதியதே அப்படி ஒரு நிரப்புக் கதை, 1941ல், கேப்டன் அமெரிக்கா மூன்றாவது இதழில்.)

நான் இதெல்லாம் தெரியாத காலத்தில் நோட்டில் பட்டியல் போட்டு, உடம்பு பற்றி எரியும் ஹீரோ ஹ்யூமன் டார்ச்சின் நம்பர் 1க்கு எதிரே ஒரு கட்டம் வரைந்து வைத்திருந்தேன், படமாவது எங்கேயாவது கண்ணில் படாதா என்று. பதினோரு வருஷம் அந்தக் கட்டம் காலி. அப்படி ஒரு புத்தகமே கிடையாதப்பா! 1940 ஆகஸ்டில் ரெட் ரேவன் காமிக்ஸ் என்று ஒன்று வந்தது, போணியாகவில்லை, ஒரே இதழோடு மூடிவிட்டு அதே வரிசையில் ஹ்யூமன் டார்ச்சை நம்பர் 2 என்று ஆரம்பித்தார்கள். அப்புறம் 1941 கோடை இதழுக்கும் நம்பர் 5, அடுத்து வந்த இலையுதிர்கால இதழுக்கும் நம்பர் 5. இரண்டாவது ஐந்தில்தான் ஹ்யூமன் டார்ச்சும் கடலடி ஹீரோ சப்மரைனரும் மோதும் அந்தப் பெரிய சண்டை. 1949ல் 35வது இதழோடு ஆளை ஓரங்கட்டிவிட்டு 36வது இதழை லவ் டேல்ஸ் என்று போட்டார்கள், முழுக்கக் காதல் கதைகள். 1954ல் ஆள் திரும்பி வந்தபோது அவருக்கும் 36. ஆக 36 இரண்டு. பற்றி எரிகிறவன் காதல் பத்திரிகையானதில் ஏதோ ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

தபால் துறை எப்போதும் தூங்கிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. மூன் கேர்ள் என்ற பெண் சூப்பர் ஹீரோவின் பத்திரிகை, பெயர் மாறி மாறி, நடுவில் காதல் பத்திரிகையாகவும் இருந்துவிட்டு, 1950ல் 13வது இதழில் வியர்ட் ஃபேன்டசி என்ற விஞ்ஞானக் கதைப் பத்திரிகையாகிவிட்டது. 13, 14, 15, 16, 17 என்று போய் அடுத்த நம்பர் 6! புதுப் பெயரில் எத்தனை வந்ததோ அதைத்தான் எண்ண வேண்டும் என்றாகிவிட்டது. அப்புறம் அது வளர்ந்து இன்னொரு முறை 13 முதல் 17 வரை வந்தது வேறு கதை.

மின்னல் வேகத்தில் ஓடும் ஹீரோ ஃப்ளாஷ் இதற்கு நேர் எதிர். 1949ல் 104வது இதழோடு ஃப்ளாஷ் காமிக்ஸ் நின்றது. பத்து வருஷம் கழித்து 1959ல், ஹீரோவே வேறு ஆள், உடுப்பும் வேறு, புத்தகத்துக்கு மட்டும் நம்பர் 105. அன்றைக்குக் கடைகளில் நம்பர் 1க்கு மரியாதை இல்லை. பெரிய எண் இருந்தால் நின்று ஓடுகிற பத்திரிகை. இன்றைக்கு வருஷத்துக்கு ஒரு தரம் நம்பர் 1 போட்டு விற்கிறார்கள்.

ஷசாம் என்று மந்திரம் சொல்லும் ஹீரோவின் கதை இன்னும் வேடிக்கை. ஒரு பெயருக்கு உரிமை கொண்டாட அந்தப் பெயரில் ஏதாவது அச்சாகியிருக்க வேண்டும் என்பதால், சில பிரதி மட்டும் அடித்துக் காட்டுவார்கள். அதற்கு ஆஷ்கேன் என்று பேர், அதாவது குப்பைத்தொட்டி. ஃபாசெட் கம்பெனி கேப்டன் தண்டர் என்ற ஹீரோவை வைத்து ஃப்ளாஷ் காமிக்ஸ் 1, த்ரில் காமிக்ஸ் 1 என்று இரண்டு ஆஷ்கேன் போட்டது. ஃப்ளாஷ் என்ற பெயரை இன்னொரு கம்பெனி முந்திக்கொண்டது. கடைசியில் 1940 பிப்ரவரி தேதியிட்டு விஸ் காமிக்ஸ் என்று கடைக்கு வந்தபோது ஹீரோ கேப்டன் மார்வெல் ஆகியிருந்தார், அட்டையில் எண்ணே இல்லை, உள்ளே நம்பர் 2.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது மோஷன் பிக்சர் ஃபன்னீஸ் வீக்லிதான். 1939ல் சினிமா தியேட்டர்களில் இலவசமாகக் கொடுப்பதாகத் திட்டம். மாதிரிப் பிரதிகளோடு நின்றுவிட்டது. அதற்காக பில் எவரெட் வரைந்த சப்மரைனரின் முதல் கதை, எட்டுப் பக்கம், வீணாகக் கூடாது என்று மேலும் நாலு பக்கம் சேர்த்து அதே வருஷம் மார்வெல் காமிக்ஸ் நம்பர் 1ல் போட்டார்கள். மாதிரிப் பிரதியை உலகமே மறந்துவிட்டது. 1974ல், இறந்துபோன ஒரு பதிப்பாளரின் சாமான்களுக்குள்ளிருந்து சில பிரதிகள் கிடைத்தன, கூடவே வெளிவராத 2, 3, 4வது இதழ்களின் அட்டைகளும்.

எட்டாம் பக்கத்துக் கடைசிப் படத்தில் ஒரு சின்னக் கட்டம், உள்ளே "அடுத்த வாரம் தொடரும்". மார்வெல் காமிக்ஸில் கதை ஒன்பதாம் பக்கத்துக்குத் தொடர்ந்து போவதால் எழுத்தை எடுத்துவிட்டார்கள், கட்டத்தை எடுக்கவில்லை. எழுத்தில்லாத வெறும் கட்டம் அப்படியே அச்சாகியிருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்! மகளிடம் காட்டினேன், "பிரிண்டிங் மிஸ்டேக்கா?" என்றாள்.

சரி, பெயிண்டர் ஏணியோடு வந்துவிட்டார், கட்டைத் திரும்பப் பரணில் ஏற்ற வேண்டும். அந்த இரண்டு புத்தகமும் எந்த நம்பர் என்று பார்த்து எழுது, என் நோட்டில் கட்டம் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
சேகர்