மேம்பாலத்துக்கு வெச்ச பேர்

அன்புள்ள கண்ணு,

அப்பா எழுதறேன். இங்கே எல்லாரும் சுகம். போன்ல நாலு வார்த்தை பேசறதுக்குள்ள "மீட்டிங் இருக்குப்பா"ன்னு வெச்சுடறே, அதனாலதான் இந்தக் கடிதம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

நேத்து அம்மிச்சியைப் பார்க்கப் போறப்ப நம்ம கோயமுத்தூர் அவிநாசி ரோட்டுப் புது மேம்பாலத்துல போனோம். உப்பிலிபாளையத்துல ஏறினா கோல்டுவின்ஸ் வரைக்கும் 10 கிலோமீட்டர். பாலத்துக்கு வெச்ச ஜி.டி.நாயுடு பேரைப் பார்த்ததும் தீபாவளிக்கு நாம போட்ட சண்டை ஞாபகம் வந்துச்சு. தேசத்தலைவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையைத் தொழில்ல புதுசு பண்ணினவங்களுக்கும் கொடுக்கணும்னு நீ சொன்னே. "செக்கிழுத்தவரும் பஸ் ஓட்டினவரும் ஒண்ணாடா?"ன்னு நான் கத்தினேன். நீ பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுட்டே.

அப்புறம் யோசிச்சேன். நாயுடு 1920ல ஒரே ஒரு பஸ்ஸை வெச்சுப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் அவரே ஓட்டினவர். 1937ல அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இங்கேயே கரண்ட் மோட்டார் செஞ்சு கொண்டுவந்தாங்க. எங்கப்பா, அதான் உங்க அப்பாரு, மாடு கட்டிக் கவலையில கிணத்துத் தண்ணி இறைச்சவர். கிணத்துல முதமுதல்ல பம்பு ஓடின அன்னிக்கு அதுக்குப் பொங்கல் வெச்சுக் கும்பிட்டார், நான் பக்கத்துல நின்னேன். எந்தத் தலைவர் படத்துக்கும் அவர் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. நீ சொன்னது சரி கண்ணு.

இன்னொண்ணும் தோணுச்சு. வ.உ.சி.யும் தொழில் ஆரம்பிச்சவர்தானே? 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி, பங்கு 25 ரூபாய். 1908ல பிடிச்சு உள்ளே போட்டு, இதே கோயமுத்தூர் ஜெயில்ல செக்கிழுக்க வெச்சாங்க. 1912ல வெளியே வந்தப்ப கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. கம்பெனி போச்சேன்னு அவரை இன்னிக்கு யாராவது குறைச்சுப் பேசறோமா?

உன் மாமன் போன வாரம் பெங்களூர்ல உன் ஆபீஸ் பக்கம் போனாராம். எதிர்க்கடையில டீ குடிச்சிட்டு அப்படியே திரும்பிட்டாராம். வேற எதுவும் சொல்லலை, நானும் கேட்கலை. நேரத்துக்குச் சாப்பிடு. கந்துவட்டிக்கு மட்டும் வாங்காதே.

நீ ஆறாவது படிக்கிறப்ப, கூட்டாளி ஏமாத்தினதால பட்டறையை மூடினோம்னு சொன்னேனில்லை? அது பொய். நானா யோசிச்சு ஒரு பம்பு செஞ்சேன். வித்த 40ம் மோட்டார் காயில் எரிஞ்சு திரும்பி வந்துச்சு. காயில்ல கம்பி சுத்தற வைண்டிங் கணக்கு போட்டது நான். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் தினமும் டிபன் கேரியரோட கிளம்பி வ.உ.சி. பூங்காவுல உட்கார்ந்திருந்தேன். சாயந்திரம் கையில கொஞ்சம் கிரீஸ் தடவிக்கிட்டு வீட்டுக்கு வருவேன். உங்கம்மா சோப்பு எடுத்துக் கொடுப்பா. அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பழியைச் சுமந்த அந்த மனுசன் செத்தப்பக்கூட நான் போகலை. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?

புதுசா ஒண்ணு செய்யறவனுக்கு மரியாதை இல்லைன்னு உன்கிட்டக் கத்தினேனே, அது என் பம்பு மேல இருந்த கோவம் கண்ணு. உன்மேல இல்லை. நீ கம்பெனி ஆரம்பிச்ச அன்னிக்கு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன், உன்கிட்ட மட்டும் சொல்லலை.

பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். எந்த ட்ரெயின்னு மட்டும் சொல்லு, எத்தனை மணியானாலும் ஸ்டேஷனுக்கு வண்டியைக் கொண்டாந்து நிக்கறேன். அம்மாகிட்ட நான் எதுவும் சொல்லலை. சாப்பிட்டுட்டுத் தூங்கு.

அப்பா