கயிறு கட்டும் முன் மருத்துவரையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அண்ணன் சிவதாபுரத்தில் கொலுசுக்குச் சலங்கை பற்றவைப்பவர். தினமும் குடித்தவர். விடிந்ததும் டீ டம்ளரை இரு கையாலும் பிடித்தால்தான் வாய்க்குப் போகும், அவ்வளவு நடுக்கம். போன ஆடியில் குலதெய்வக் கோயிலில் இனிக் குடிப்பதில்லை என்று வேண்டிக் கயிறு கட்டி, அன்றே குடியை நிறுத்தினார். மறுநாள் ராத்திரி வலிப்பு வந்து பட்டறைத் தரையில் விழுந்தார். சாமி குத்தம் என்றார்கள் உறவினர்கள். மருத்துவர்தான் விளக்கினார்: வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். 3ஆம் நாள் வாக்கில் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியலாம். உயிருக்கே ஆபத்து. அதற்கு மாத்திரையும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் இருக்கின்றன.

மருந்து அந்த வாரத்தைத்தான் கடத்தும். 'எனக்கொன்றும் இல்லை' என்ற மறுப்பு, விடலாமா என்ற யோசனை, தயாராவது, விடுவது, விட்டதைக் காப்பாற்றுவது என்று மனசு படிப்படியாகத்தான் ஏறும். இடையில் சறுக்கும். அண்ணனும் 4ஆம் மாதம் ஒரு காதுகுத்தில் சறுக்கினார். வீட்டில் யாரும் திட்டவில்லை. மறுநாள் காலை அவரே, "பாப்பா, டாக்டர்கிட்ட போலாம்" என்றார்.

கயிறு கட்டும் கோயில்களில் ஒரு பலகை வையுங்கள்: 'தினமும் குடிப்பவர்கள் முதலில் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். கட்டணமில்லா உதவி எண் 14446.' அறநிலையத் துறை நினைத்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை.

இப்படிக்கு,
ஒரு தங்கை, சேலம்