பறிக்கும்போது நினைக்கிறோம், உதவும்போது மறக்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால், "இவளே ஒரு குழந்தை, இவள் எப்படி வளர்ப்பாள்?" என்ற பேச்சு பிரசவ வார்டிலேயே தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் சட்டமும் அதே அவசரத்தில் எழுதப்பட்டிருப்பதை வாசகர்கள் அறிய வேண்டும்.

2015-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இளைஞர் நீதிச் சட்டத்தின் 38(3) பிரிவைப் பாருங்கள். வேறு எந்தச் சட்டம் என்ன சொல்லியிருந்தாலும், மனவளர்ச்சி குன்றிய பெற்றோரின் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று குழந்தைகள் நலக் குழு (இச்சட்டப்படி பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழு) அறிவிக்க அது வழிவிடுகிறது. அந்தத் தாயால் வளர்க்க முடியுமா, யாராவது கற்றுக்கொடுத்துப் பார்த்தார்களா, அவருக்குச் சம்மதமா என்று அந்த உட்பிரிவு கேட்பதில்லை. தாமாக முன்வந்து குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோருக்கே, மனம் மாறினால் திரும்பப் பெற 2 மாத அவகாசம் தருகிறது 35-ஆவது பிரிவு.

அதே சட்டத்தின் 45-ஆவது பிரிவு, குழந்தையைக் குடும்பத்திலேயே வைத்து வளர்க்க மாத நிதி ஆதரவு தருவது பற்றியது. விதவைத் தாய், கைவிடப்பட்ட தாய், உயிர்க்கொல்லி நோய் கண்ட பெற்றோர், விபத்தில் முடங்கிய பெற்றோர் என்று அது வரிசையாகச் சொல்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள பெற்றோரை அதில் காணோம். பிள்ளையை எடுக்கும் இடத்தில் மட்டும் இவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது சட்டம்.

இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23-ஆவது உறுப்பு, குழந்தையின் குறைபாட்டைக் காட்டியோ பெற்றோரின் குறைபாட்டைக் காட்டியோ இருவரையும் பிரிக்கக் கூடாது என்கிறது. நமது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 9-ஆவது பிரிவோ, மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பெற்றோர் என்ற பாதி விடுபட்டுப் போயிற்று. இத்தனைக்கும், சண்டிகர் அரசு இல்லம் ஒன்றில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கர்ப்பமான பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இலேயே தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. குழந்தை வேண்டும் என்று அவர் சொன்ன பிறகு, அறிவுசார் குறைபாட்டைக் காட்டிக் கருவைக் கலைக்க முடியாது என்றது நீதிமன்றம்.

சட்டத்தைவிடப் பெரிய சிக்கல், முடிவெடுக்கும் முறை. குழந்தையின் குடும்ப நிலையை விசாரித்துக் குழுவுக்குத் தரும் சமூக விசாரணை அறிக்கைக்குச் சட்டம் தரும் காலம் 15 நாள். மெதுவாகக் கற்கும் ஒருவரால் என்ன கற்க முடியும் என்று 15 நாளில் யாராலும் சொல்ல முடியாது. இன்று அவருக்கு என்ன தெரியாது என்று மட்டும்தான் எழுத முடியும். அதையும் பெரும்பாலும் அலுவலக மேசைக்கு எதிரே உட்கார வைத்துக் கேட்டே எழுதுகிறார்கள். "பிள்ளைக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுப்பியாம்மா?" என்றால் "ஆமாங்க." "மறந்துடுவியா?" என்றால் அதற்கும் "ஆமாங்க." அதிகாரியைப் பார்த்த பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது இவர்களிடம் வழக்கம். இந்தப் பதிலில் ஒன்றை எடுத்துப் போட்டால் எந்த அறிக்கையையும் எந்தப் பக்கமும் எழுதிவிடலாம். சரியான வழி, வீட்டுக்குப் போய், "பாலாடையில் பால் எப்படிக் கொடுப்பீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேட்டுவிட்டு, பேசாமல் உட்கார்ந்து பார்ப்பது. காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, குழந்தை அழும் நேரத்தில் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் இருக்கும் குறைபாட்டுச் சதவீதத்தை வைத்தோ ஐ.க்யூ. எண்ணை மட்டும் வைத்தோ பிள்ளை வளர்ப்பைக் கணிக்க முடியாது.

கற்றுக்கொடுக்கவும் முறை இருக்கிறது. கனடாவின் உளவியலாளர் மாரிஸ் ஃபெல்ட்மன் போன்றோர் 1980-களிலிருந்தே செய்து காட்டியது அது: ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, படம் வைத்து, வீட்டிலேயே செய்து காட்டி, அவரையே செய்யவைத்து, சரியாகச் செய்ததை உடனே பாராட்டுவது. வாய்ச் சொல்லால் மட்டும் சொன்னது மறுநாள் நிற்காது.

வயிற்றுப்போக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் உண்டு, 200 மில்லியில் கலக்கும் சிறிய பொட்டலமும் கடையில் கிடைக்கிறது. பெரியதை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்து. வீட்டில் ஒரே அளவுப் பொட்டலம், அதற்கென்று ஒரு லிட்டர் பாட்டில், கழுத்தருகே சிவப்பு டேப்பால் கோடு; கோடு வரை காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், ஒரு முழுப் பொட்டலம், மறுநாள் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். காய்ச்சல் மருந்தில் இன்னும் கவனம் தேவை. பாராசிட்டமால் சொட்டு மருந்து ஒரு மில்லிக்கு 100 மி.கி.; சாதாரண சிரப்போ 5 மில்லிக்கு 125 மி.கி., அதாவது நான்கில் ஒரு பங்கு வீரியம். சொட்டு மருந்தை ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்தால் அளவு எகிறிவிடும். ஆகவே இரண்டில் ஒன்றுதான் வீட்டில் இருக்க வேண்டும். மருத்துவர் சொன்ன அளவுக்கு மருந்துக் குழாயில் டேப் ஒட்டிவிட வேண்டும். (படித்த பெற்றோரும் சறுக்கும் இடம் இது, அவர்கள் பிள்ளையை யாரும் தத்துக் கொடுக்கச் சொல்வதில்லை.) தடுப்பூசிக்கு 6, 10, 14 வாரம் என்ற கணக்கு இவர்களுக்குப் பிடிபடாது. நாள்காட்டியில் அந்தந்தத் தேதித் தாளில் கிராம சுகாதார செவிலியர் ஊசிப் படம் ஒட்டிவிட்டால், கிழிக்கும்போது படம் வரும் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இவ்வளவு செய்தும் குலைவது எங்கே? மாமியாரோ அம்மாவோ குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, தாயைப் பாத்திரம் கழுவ அனுப்பிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து "இவளுக்கு ஒன்றும் தெரியாது" என்று அவர்களே சாட்சி சொல்கிறார்கள். அங்கன்வாடிப் பணியாளர் ஒன்று சொல்ல, செவிலியர் வேறொன்று சொல்ல, பக்கத்து வீடு மூன்றாவது சொல்ல, அவர் குழம்பிப் போகிறார். சொல்வதை ஒருவர் சொன்னால் போதும். பிறகு, குழந்தை தவழ ஆரம்பித்ததும் பழைய பாடம் செல்லாது, அடுப்பும் தண்ணீர் வாளியும் புதுப் பாடம். சரியாக அந்த நேரத்தில் "மூன்று மாதப் பயிற்சி முடிந்தது" என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பயம். உதவி கேட்டால் அதையே இயலாமைக்கு ஆதாரமாக எழுதிவிடுவார்கள் என்று தெரிந்த தாய், குழந்தைக்கு எடை ஏறவில்லை என்பதைக்கூட மறைப்பார்.

எந்த நிலையிலும் பிரிக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டில் அடிப்பவரோ, தாயின் வெள்ளந்தித்தனத்தைப் பயன்படுத்திக்கொள்ள நுழைபவரோ இருந்தால் குழந்தையின் பாதுகாப்புதான் முதலில். முறையாகக் கற்றுக்கொடுத்தும் வராமல், துணைக்கு இன்னொரு பெரியவரும் இல்லை என்றால் வேறு ஏற்பாடு வேண்டும்தான். அப்போதும் உறவினர் வீடு, வளர்ப்புப் பராமரிப்பு (தத்து இல்லாமல் வேறொரு குடும்பத்தில் தங்கி வளர்வது), தாய் வந்து பார்க்க வழி என்ற வரிசையில் போக வேண்டும். தத்து என்பது தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள சட்ட உறவையே அறுத்துவிடுகிறது. அதை முதல் படியாக வைப்பது அநியாயம்.

38(3)-இலிருந்து பெற்றோரின் குறைபாடு நீக்கப்பட வேண்டும். 45-இல் சேர்க்கப்பட வேண்டும். அது நாடாளுமன்றத்தின் வேலை. மாவட்டங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 45-ஆவது பிரிவின் பட்டியல் முடிந்த பட்டியல் அல்ல. மற்ற தகுதிகள் இருந்தால், மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய்க்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இப்போதே பரிந்துரைக்கலாம். கர்ப்பப் பதிவின்போதே தாயின் குறைபாட்டைக் குறித்துக்கொண்டு, பிரசவத்துக்கு முன்பே பயிற்சியைத் தொடங்கலாம். என்ன கற்றுக்கொடுத்தோம், எத்தனை முறை, அதில் எது வந்தது என்று எழுதாத எந்த விசாரணை அறிக்கையையும் குழந்தைகள் நலக் குழுக்கள் திருப்பி அனுப்பலாம். இதற்குப் புதிய அரசாணை எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
குழந்தைகள் நலத் துறையில் பணிபுரியும் சமூகப் பணியாளர்கள்,
திருச்சி